காடும் கடலும் ஒரே பயணத்தில் என்றால்...

வெப்பமண்டல மழைக்காடுகளில் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் மழை பிடிக்கும். மலையேற்றம், அருவிக் குளியல் எல்லாவற்றையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். அருவித் தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் அடித்துக்கொண்டு வந்தால் மேலே மழை கொட்டுகிறது என்று அர்த்தம். போட்டோவெல்லாம் அப்புறம், உடனே கரையேறுங்கள். அந்தப் பக்கங்களில் அந்தி நீளாது, சூரியன் மறைந்ததுமே சட்டென்று இருட்டிவிடும்.

ஸ்கூபா டைவிங்கை மட்டும் தயவுசெய்து கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். பலமுறை மூழ்கியவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் உயரத்தில் குமிழாகி உயிருக்கே ஆபத்தாகலாம். உயரமான மலைக்குப் போகவும் இடைவெளி தேவை.

கடலில் இழுவை நீரோட்டத்தில், அதாவது ஆளைக் கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப்போகும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள்.