லினக்ஸ்ல வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ் ரிசீவரை செட் பண்றது எப்படி

கூட வர்ற அந்த குட்டி ரிசீவரை லினக்ஸ்ல சொருகுனாலே பெரும்பாலும் எல்லாம் வேலை செஞ்சிடும், டிரைவர் தேடி அலையவே வேண்டாம், ஏன்னா கம்ப்யூட்டருக்கு அது சாதா யூஎஸ்பி கீபோர்டு மவுஸாத்தான் தெரியும், பேரிங்கும் (ரிசீவரோட கீபோர்டு, மவுஸை இணைக்கிறது) ஃபேக்டரியிலயே முடிஞ்சிருக்கும். ரிசீவர் தொலைஞ்சு வேற வாங்கும்போதோ, ஒரே ரிசீவர்ல ரெண்டையும் சேர்க்க நினைக்கும்போதோதான் சிக்கலே.

முதல்ல ரிசீவர் என்ன வகைன்னு பாருங்க. லாஜிடெக்ல ஆரஞ்சு லோகோ இருந்தா யூனிஃபையிங், பச்சைல மின்னல் போட்டிருந்தா போல்ட். ரெண்டுலயும் 6 டிவைஸ் வரைக்கும் சேர்க்கலாம், ஆனா யூனிஃபையிங் மவுஸை போல்ட் ரிசீவர்ல சேர்க்க முடியாது. விலை கம்மியான மத்த செட்டுகள்ல ரிசீவர் அந்த ஒரு மவுஸுக்குன்னே இருக்கும், அதை பத்திரமா வச்சுக்கிறதுதான் வழி.

லாஜிடெக்னா சோலார்னு (Solaar) ஒரு டூல் இருக்கு, உங்க டிஸ்ட்ரோவோட (உபுண்டு, ஃபெடோரா மாதிரி நீங்க போட்டிருக்கிற லினக்ஸோட) சாஃப்ட்வேர் லிஸ்ட்லயே கிடைக்கும். இன்ஸ்டால் பண்ணதும் ரிசீவரை ஒரு தடவை கழட்டி மாட்டுங்க, அப்பதான் யூடெவ் ரூல் (ஒரு டிவைஸை யார் தொடலாம்னு லினக்ஸுக்கு சொல்ற விதி) வேலை செஞ்சு சோலாருக்கு பர்மிஷன் கிடைக்கும், இது தெரியாம நிறைய பேர் சோலாரை ரூட்ல (முழு அட்மின் அதிகாரத்தோட) ஓட்டுறாங்க, தயவுசெஞ்சு அதை பண்ணாதீங்க. அப்புறம் சோலார்ல ரிசீவரை செலக்ட் பண்ணி பேர் (Pair) ஆப்ஷனை கொடுங்க. யூனிஃபையிங் மவுஸ்னா ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சேர்ந்துடும். போல்ட் கீபோர்டுன்னா ஸ்க்ரீன்ல வர்ற நம்பரை டைப் பண்ணி என்டர் தட்டணும்.

கர்சர் திக்கித்திக்கி போகுதா? உடனே லினக்ஸை திட்டாதீங்க. இந்த ரிசீவர் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுது, யூஎஸ்பி 3.0 போர்ட்டும் அதுல மாட்டுன ஹார்ட் டிஸ்க்கும் அதே இடத்துல இரைச்சல் கிளப்பும், 2012லயே இன்டெல் இதை ஒரு அறிக்கையா போட்டிருக்கு. ரிசீவரை யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு மாத்துங்க, இல்ல ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு மவுஸ் பக்கத்துல கொண்டு வந்துடுங்க, என்னைக் கேட்டா பாதி பிரச்சினைக்கு இந்த கேபிள்தான் மருந்து. கொஞ்ச நேரம் சும்மா விட்டதும் மவுஸ் தூங்கிடுதுன்னா பவர்டாப் மாதிரி கரண்ட் மிச்சம் பண்ற டூல் ஏதாவது யூஎஸ்பி ஆட்டோசஸ்பெண்டை (சும்மா இருக்கிற யூஎஸ்பி டிவைஸை தூங்க வைக்கிற வசதி) ஆன் பண்ணியிருக்கும், ரிசீவருக்கு மட்டும் அதை எடுத்துடுங்க.

2016ல மவுஸ்ஜாக்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு, பக்கத்துல இருக்கிறவன் உங்க ரிசீவருக்கு கீ அடிச்சு அனுப்பலாம்ங்கிற அளவுக்கு மோசம். பழைய யூனிஃபையிங் வச்சிருந்தா எஃப்டபிள்யூஅப்டிங்கிற (fwupd) லினக்ஸ் டூல் வழியா ஃபர்ம்வேர் (ரிசீவருக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) அப்டேட் இருக்கான்னு பாத்து கண்டிப்பா போட்டுடுங்க.

டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணி, பூட் ஆகும்போது பாஸ்வேர்டு கேக்குற இடத்துல மட்டும் கீபோர்டு செத்துப்போனா, லாஜிடெக் டிஜே மாட்யூலை (ரிசீவருக்கான டிரைவர், hid-logitech-dj) இனிட்ராம்எஃப்எஸ்ல (பூட் ஆகும்போது முதல்ல லோட் ஆகுற குட்டி சிஸ்டம், initramfs) சேர்த்து திரும்ப பில்ட் பண்ணிப் பாருங்க. அதை பண்ணி முடிக்கிற வரைக்கும் ஒரு வயர் கீபோர்டு கைல இருக்கட்டும்.