அம்மா போனுக்கு அழைப்பே வரவில்லை, ##002# போட்டதும் வந்தது

தீபாவளிக்கு ஆன்லைனில் புடவை ஆர்டர் செய்த வாரம், அம்மாவை யார் கூப்பிட்டாலும் போனில் மணி அடிக்கவில்லை. விசித்திரம் என்னவென்றால் சிக்னல் முழுசாக இருந்தது, நெட் ஓடியது, எஸ்எம்எஸ் வந்தது, அம்மா மற்றவர்களைக் கூப்பிடவும் முடிந்தது. ரீஸ்டார்ட், நெட்வொர்க் ரீசெட் எல்லாம் வீண். சிம்மைக் கழற்றி என் போனில் போட்டால் அதிலும் அதே கதை, அப்போதுதான் கோளாறு போனில் இல்லை என்று உறைத்தது. *#21# அடித்தேன். அழைப்பெல்லாம் முன்பின் தெரியாத ஒரு எண்ணுக்குப் போவதாகக் காட்டியது! அம்மாவிடம் கூரியர் என்று பேசியவன், டெலிவரி பையனின் எண் இது என்று சொல்லி, முன்னால் *21* பின்னால் # சேர்த்து அடிக்கச் சொன்னானாம். இந்தக் கட்டளை நெட்வொர்க்கில் பதிவாகிவிடும், போனை ரீஸ்டார்ட், ரீசெட் செய்தாலும் அழியாது. ஓடிபியைக் குரல் அழைப்பாக வாங்கி அம்மாவின் வாட்ஸ்அப்பைக் கைப்பற்றத்தான் இவ்வளவு வேலையும். ##002# அடித்ததும் எல்லாத் திருப்பிவிடலும் ரத்து, அழைப்பு வந்தது, அப்பாடா. அப்புறம் வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டு, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், மோசடி அழைப்புகளைப் புகார் செய்யும் சக்ஷு பகுதியில் அந்த எண்ணைப் புகார் செய்தேன். பணம் போகவில்லை, போயிருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐத்தான் கூப்பிட்டிருப்பேன்.