செட்டிநாட்டுப் பழைய வீட்டில் சிறிய கல்யாணம்: திட்டமிடுவது எப்படி?

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் போன்ற ஊர்களில் நூறாண்டு கண்ட ஒரு வீட்டில் திருமணம் நடத்த வேண்டும் என்று விரும்புகிறவர்கள் பலரும் முதலில் விருந்தினர் பட்டியலோடுதான் தொடங்குகிறார்கள். அந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் மடித்து வையுங்கள். எத்தனை பேரை அழைக்கலாம், எங்கே தாலி கட்டலாம், எத்தனை பந்தி போடலாம் என்பதையெல்லாம் வீடுதான் சொல்ல வேண்டும். மண்டபத்துக்கு என்று போட்ட திட்டத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தால் மணமக்களுக்கும் நிம்மதி இருக்காது, வீடும் பழுதாகும். வீட்டைத் தெரிந்துகொண்டு அதற்கேற்பத் திட்டமிட்டால் அறுபது, எழுபது பேரோடு மிக நிறைவான ஒரு கல்யாணத்தை நடத்தலாம்.

முதல் படி: வீட்டின் கட்டுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

செட்டிநாட்டு வீடு தெருவிலிருந்து உள்நோக்கி நீளும். தெருப் பக்கம் திண்ணையும் முகப்பும். நிலைவாசலைத் தாண்டினால் வளவு. அதன் நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண்கள் நின்ற பத்திகள், அவற்றை ஒட்டி அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, அங்கே பந்தி பரிமாறும் இடம். கடைசியில் அடுப்படியும் கிணற்றடியும். பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வரை நேர்கோட்டில் பார்வை போகும்.

இந்த அமைப்பு திருமணத்துக்காகவே செய்ததுபோல் உதவும். முகப்பில் வரவேற்பு, வளவில் முகூர்த்தம், இரண்டாம் கட்டில் பந்தி, பின்கட்டில் சமையல். காய்கறி வண்டி, பாத்திர வண்டி, தண்ணீர் வண்டி எல்லாம் பின் தெரு வழியாக வந்து போகட்டும். விருந்தினர் கண்ணில் ஒரு சிலிண்டர்கூடப் பட வேண்டியதில்லை.

இப்போது நாடாவை எடுத்து அளந்து பாருங்கள். பந்தியில் ஓர் இலைக்கு இரண்டடி அகலம் வேண்டும். நாற்பதடி நீளச் சுவரை ஒட்டி ஒரு வரிசை போட்டால் இருபது பேர் உட்காரலாம்; எதிர்ச்சுவரிலும் ஒரு வரிசை என்றால் நாற்பது. நடுவே பரிமாறுகிறவர்கள் இருவர் ஒருவரையொருவர் கடந்து போகும்படி ஆறடியாவது விட வேண்டும். இரண்டு பந்தியில் எல்லோரும் சாப்பிட்டு முடிக்க முடியுமானால், அதுவே உங்கள் விருந்தினர் எண்ணிக்கை. மூன்றாவது பந்தி போட வேண்டி வந்தால் பட்டியலைக் குறையுங்கள் என்பதுதான் என் கருத்து. பெரியவர்களைக் காத்திருக்க வைத்து நடத்தும் விருந்து சிறிய கல்யாணத்துக்கு அழகில்லை.

இரண்டாம் படி: யாரிடம் கேட்பது?

விசாலம், சாரதா விலாஸ், சிதம்பர விலாஸ் போல விடுதியாக மாறிய வீடு என்றால் வேலை எளிது. அலுவலகத்தில் பேசி, விதிமுறைகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். குடும்பத்தாரிடமே இருக்கும் வீடு என்றால் பொறுமை வேண்டும். தலைமுறை தலைமுறையாகப் பிரிந்த பங்காளிகள் பலர் ஒரே வீட்டுக்கு உரிமையாளர்களாக இருப்பார்கள். ஆளுக்கு ஓர் அறை சொந்தம், முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், சாவி மட்டும் ஊரில் இருக்கும் வயதான ஓர் ஆச்சியிடம். சாவி கையில் இருப்பதால் அவரே எல்லோருக்காகவும் சம்மதம் சொல்லிவிட முடியாது. பங்காளிகள் அனைவரும் ஒப்புக்கொண்டதை எழுத்தில் பெற்ற பிறகுதான் முன்பணம் கொடுங்கள்.

அப்போதே எந்த அறைகள் உங்களுக்கு, எவை பூட்டியே இருக்கும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முன்னோருக்குப் படைப்பு நடக்கும் இடம், சாமி அறை இவற்றைத் திறக்கச் சொல்லாதீர்கள். படம் எடுக்க அழகாக இருக்கும் என்பது அதற்குக் காரணமாகாது.

மூன்றாம் படி: தேதி

ஆடியும் மார்கழியும் போக, புரட்டாசியையும் பல குடும்பங்கள் தவிர்க்கும். ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழைக் காலம். நான்கு பக்கக் கூரைகளின் நீரும் முற்றத்தில்தான் இறங்கும் என்பதால், அந்த மாதங்களில் வளவில் முகூர்த்தம் வைப்பது துணிச்சலான முடிவு. சித்திரை, வைகாசியில் உள்ளறைகள் குளிர்ச்சியாக இருந்தாலும் பத்து மணிக்குமேல் முற்றத்தில் கால் வைக்க முடியாது. என்னைக் கேட்டால் தை பிற்பாதியும் மாசியும்தான் சிறந்தவை.

தையில் ஒரு கவனம் தேவை. பொங்கலை அடுத்து வரும் செவ்வாய்க்கிழமை நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல். தைப்பூசத்தையொட்டி, செட்டிநாட்டு வணிகச் சமூகத்தினரான நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடக்கிறார்கள். வெளியூரிலிருந்து குடும்பங்கள் ஊர் திரும்பும் நாட்கள் இவை. வீடும் கிடைக்காது, தங்க அறையும் கிடைக்காது, சமையலுக்கு ஆளும் கிடைக்க மாட்டார்கள்.

நான்காம் படி: முகூர்த்த நேரத்தில் போய்ப் பாருங்கள்

தேதி குறித்த பிறகு, முகூர்த்தம் எந்த நேரமோ அதே நேரத்தில் வீட்டுக்குப் போய் வளவில் நில்லுங்கள். உயரமான கூரைகளுக்கு நடுவே இருக்கும் முற்றத்தில் காலை ஏழு மணிக்கு மென்மையான வெளிச்சம்தான் இருக்கும். ஒன்பது, பத்து மணியளவில் வெயில் ஒரு பக்கத்தில் பளீரென்று விழும். மணமக்கள் கண்ணைக் கூசிக்கொண்டு உட்காராதபடி மணையின் இடத்தை அன்றே முடிவு செய்யுங்கள். புகைப்படக்காரரையும் கூட அழைத்துப் போங்கள். இந்த வெளிச்சத்தைப் பார்த்தவர் விளக்குக் கம்பங்களைக் குறைத்துக்கொள்வார்.

முற்றத்தின் சலதாரை அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நீண்ட நாள் பூட்டிக் கிடந்த வீடு என்றால் கிணற்று நீர், தொட்டி, மின்கம்பி, வௌவால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுத்தம் செய்ய ஒரு வாரம் ஒதுக்குங்கள். பழைய மின்கம்பிகளில் வெளி விளக்குகளின் சுமையை ஏற்றக் கூடாது. ஜெனரேட்டரைப் பின் தெருவில் நிறுத்தித் தனிக் கம்பி இழுக்கச் சொல்லுங்கள்.

கழிப்பறைகளை எண்ணுங்கள். பழைய வீடுகளில் அவை கொல்லைப் பக்கம் இருக்கும், போதாமலும் இருக்கும். இருபது பேருக்கு ஒன்றாவது வேண்டும். இல்லையென்றால் பின்கட்டில் தற்காலிகமாக அமைக்க ஏற்பாடு செய்யுங்கள். மேல்நாட்டுக் கழிப்பறை ஒன்றாவது இருப்பது முழங்கால் வலியுள்ளவர்களுக்குப் பெரிய உதவி. நிலைப்படிகள் உயரமானவை, தரை வழுக்கும். கைபிடித்து அழைத்துப்போக இரண்டு இளைஞர்களை அதற்கென்றே நிறுத்துங்கள்.

ஐந்தாம் படி: தரை, சுவர், தூண்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து அலங்காரக்காரருக்கும் சமையல்காரருக்கும் படித்துக் காட்டுங்கள். திரும்பச் செய்ய முடியாத வேலைப்பாடுகளைப் பற்றியது இது.

தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் சாயம் கலந்த சிமெண்டுக் கலவையைக் கையால் ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். அதன் பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. மேலே காப்புப் பூச்சு இல்லாததால் எலுமிச்சையும் புளியும் பட்டால் அரிக்கும், மஞ்சளும் மசாலா எண்ணெயும் பட்டால் கறை இறங்கும். இத்தாலியப் பளிங்கு பதித்த தரையும் புளிப்பைத் தாங்காது. ஆகவே பந்திக்கு இலையின் அடியில் தடித்த காகிதச் சுருளை விரியுங்கள். ரசம் வழிந்தால் உடனே துடைக்க ஈரத்துணியோடு ஒருவர் நிற்கட்டும். ஆலம் சுற்றிய நீரைத் திண்ணையில் வைக்காமல் நேரே தெருவில் கொண்டுபோய்க் கொட்டுங்கள். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் உறை போடாமல் ஒரு நாற்காலியையும் உள்ளே விடாதீர்கள்.

ஓமம் வளர்ப்பதென்றால் திறந்த முற்றத்தில் மட்டுமே. செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, அதன்மேல் ஓமகுண்டத்தை வையுங்கள். சூடு நேரே தரையில் இறங்கினால் கல் வெடிக்கும். பத்திக்குள் வைத்தால் புகை கூரை மரத்திலும் சுவரிலும் படியும். சுவர்களில் பூசியிருப்பது சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சாந்து. அதில் ஒட்டும் நாடா ஒட்டினால் உரியும்போது பூச்சோடு வரும். ஆணி என்ற பேச்சே கூடாது. பர்மாத் தேக்குத் தூண்களில் எதையாவது கட்ட வேண்டுமானால் முதலில் பருத்தித் துணியைச் சுற்றி, அதன்மேல் நூல் கயிற்றால் கட்டுங்கள்.

அலங்காரம் குறைவாக இருப்பதே அழகு என்று நான் உறுதியாக நம்புகிறேன். நிலைவாசலில் வாழை மரமும் மாவிலைத் தோரணமும், தூண்களுக்கு மதுரை மல்லிகைச் சரம், முற்றத்தில் பச்சரிசி மாவுக் கோலம், குத்துவிளக்கு. இதற்குமேல் என்ன வேண்டும்? செயற்கைப் பூச்சுவர் எழுப்பி, அதற்குப் பின்னால் செதுக்குக் கதவை மறைப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

ஆறாம் படி: சாப்பாடு

எண்ணிக்கை சிறியதாக இருப்பதன் பலன் பந்தியில்தான் தெரியும். வெள்ளைப் பணியாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கரண்டி மாவாக எண்ணெயில் ஊற்றி, உப்பி வந்ததும் திருப்பி எடுக்க வேண்டும். எண்ணூறு பேர் கல்யாணத்தில் அது ஆறிப்போய்த்தான் இலைக்கு வரும். அறுபது பேர் என்றால் இரண்டு சட்டிகளை வைத்துச் சுடச்சுடப் போடலாம், கூடவே காரமான மிளகாய்ச் சட்னி.

காலைக்கு வெள்ளைப் பணியாரம், இட்லி, கவுனி அரிசி (கறுப்பரிசி இனிப்பு). கவுனியை முந்தின இரவே ஊறவைக்காவிட்டால் வேகாது என்பதைச் சமையல்காரரிடம் நினைவூட்டுங்கள். ஊர்க்காரர் என்றால் அவர் உங்களுக்குச் சொல்வார். மதியம் அரிசி களைந்த நீரில் வைக்கும் வெண்டைக்காய் மண்டி, கூட்டு, பொரியல், மாங்காய்ப் பச்சடி, பாயசம். மாலைக்கு மசாலாச் சீயமும் கந்தரப்பமும் போதும். ஐம்பது வகை வைத்து இலையை நிரப்புவதைவிட, பன்னிரண்டு வகையைக் கைப்பக்குவத்தோடு செய்யச் சொல்லுங்கள். ஆளை முடிவு செய்யுமுன் ஒரு வேளை சமைத்துக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

தாம்பூலப் பைக்குப் பதிலாகப் பனையோலைக் கொட்டான் கொடுங்கள். புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. அதற்குள் தேன்குழல், மாவுருண்டை, வெற்றிலை பாக்கு. கையால் பின்னுவதால் நாள் பிடிக்கும்; தேதி உறுதியானதும் முதலில் கொட்டானுக்குச் சொல்லிவிடுங்கள். மணமகளின் ஒரு வேளை உடுப்புக்குக் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலையையும் யோசியுங்கள்.

ஏழாம் படி: சடங்குகள்

நகரத்தார் குடும்பம் என்றால் மூத்தவர்கள் வழி சொல்வார்கள். இரு வீட்டாரின் கோயில்களிலிருந்தும் மாலை வர வேண்டும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி என்னும் ஒன்பது நகரத்தார் கோயில்களில் உங்களுடையது எதுவோ அங்கே முன்கூட்டியே தெரிவியுங்கள். கழுத்துரு என்னும் நகரத்தார் தாலி, அதை அணிவிக்கும் திருப்பூட்டுதல், திருமணத்தை எழுத்தில் பதியும் இசைகுடிமானம் இவற்றுக்கான நேரத்தையும் ஆளையும் நிகழ்ச்சி நிரலில் தனியாகக் குறியுங்கள்.

வேறு சமூகத்தவர் என்றால் உங்கள் வழக்கத்தையே இந்த வளவில் நடத்துங்கள். வீடு அதை ஏற்கும். அழகாக இருக்கிறது என்று பிறர் சடங்கை எடுத்து நடிக்க வேண்டாம். மாலை மாற்றிக்கொண்டு சுயமரியாதைத் திருமணம் செய்வதற்கும் வளவு பொருத்தமான இடம். 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் தமிழ்நாட்டில் அது சட்டப்படி செல்லும்.

நாகசுர தவில் கலைஞர்களை முகப்பில் உட்காரவையுங்கள். ஒலி நிலைவாசல் வழியாக வளவுக்குள் இதமாக வரும், ஒலிபெருக்கி தேவைப்படாது. மாலையில் பாட்டுக் கச்சேரி வைத்தாலும் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கிக்கு அனுமதியில்லை.

எட்டாம் படி: பயணம், தங்குமிடம்

மதுரை, திருச்சி விமான நிலையங்கள் இரண்டுமே காரைக்குடியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். சென்னையிலிருந்து பல்லவன் ரயில் காரைக்குடி வரை வருகிறது. கானாடுகாத்தானில் திருமணம் என்றால் பக்கத்திலேயே செட்டிநாடு ரயில் நிலையம் உண்டு. எல்லா ரயிலும் நிற்காது. வீட்டில் மணமக்கள் குடும்பம் மட்டும் தங்கட்டும், மற்றவர்களுக்குக் காரைக்குடியில் அறை எடுத்து ஒரு வேன் ஏற்பாடு செய்யுங்கள். மறுநாள் பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் போய்வர அந்த வேனே உதவும்.

கடைசிப் படி: வீட்டை ஒப்படைப்பதும் பதிவும்

திருமணத்துக்கு முன்பே தரை, சுவர், தூண், கதவு எல்லாவற்றையும் உரிமையாளர் முன்னிலையில் படம் எடுத்து வையுங்கள். முடிந்த மறுநாள் அவரோடு சேர்ந்து அதே இடங்களைச் சுற்றிப் பார்த்து, சேதம் இருந்தால் பேசி முடியுங்கள். தரையைச் சோப்புத் தூளோ அமிலமோ போட்டுக் கழுவ வேண்டாம். வெறும் நீரில் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் மெருகேற்றினால் போதும்.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். திருமண நாளிலிருந்து 90 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாட்கள் உண்டு. வீடு எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது என்பதை முன்பே கேட்டுவையுங்கள். அழைப்பிதழ், வயதுச் சான்று, முகவரிச் சான்று, புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு, வேலைக்காக ஊர் திரும்பும் அவசரத்தில் மறக்காத ஒருவரிடம் கொடுத்துவையுங்கள்.