கூட்ட அறிவிப்பை எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்ப: கூகுள் குரூப்ஸ் அமைக்கும் முறை

மும்பையில் மழைக்காலத்தில் சயானிலும் குர்லாவிலும் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறிவிட்டால், மாட்டுங்காவில் ஞாயிறு நடக்கும் வாசகர் கூட்டத்துக்கு டோம்பிவிலியிலிருந்து வருகிறவர் பாதி வழியில் மாட்டிக்கொள்வார். கூட்டம் தள்ளிப்போனது அவர் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன்பே தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடுகிறது. அறிவிப்புக்கென்றே ஒரு மின்னஞ்சல் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே முகவரிக்கு அனுப்பினால் குழுவில் உள்ள எல்லோருக்கும் போய்ச் சேரும் கூகுள் குரூப்ஸ் சேவையில் இதற்குக் காசு கிடையாது.

கணினியில் ஜிமெயில் கணக்கோடு கூகுள் குரூப்ஸைத் திறந்து, புதிய குழு உருவாக்கும் பொத்தானை அழுத்துங்கள். குழுவுக்குப் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கேட்கும். போனில் சொன்னால் எதிராளி தப்பில்லாமல் எழுதிக்கொள்ளும் அளவுக்கு முகவரி சின்னதாக இருக்கட்டும்.

அடுத்த பக்கத்தில் அவசரப்படாதீர்கள். யார் அஞ்சல் அனுப்பலாம் என்ற இடத்தில் உரிமையாளர், மேலாளர் மட்டும் என்று வையுங்கள். எல்லோருக்கும் திறந்துவிட்டால் ஒருவர் போடும் “சரி சார், வந்துடறேன்” அத்தனை பேர் பெட்டியிலும் போய் விழும். அப்புறம் உங்கள் அறிவிப்பையும் யாரும் திறக்க மாட்டார்கள். உறுப்பினர் பட்டியலைப் பார்க்கும் உரிமையையும் இப்படியே சுருக்குங்கள். உங்களை நம்பிக் கொடுத்த முகவரிகள் அவை.

குழு உருவானதும் அமைப்புகளுக்குள் போய், பதில்கள் அஞ்சல் எழுதியவருக்கு மட்டும் போகும்படி மாற்றுங்கள். இல்லையென்றால் உறுப்பினரின் பதில் குழு முகவரிக்குப் போய், அனுமதி இல்லை என்று திரும்பிவிடலாம். நம்பகமான இன்னொருவரை மேலாளராக்கிவிடுங்கள்.

உறுப்பினர்களை நேரடியாகச் சேர்ப்பதைவிட அழைப்பு அனுப்புவதே மரியாதை. வயதானவர்களுக்கு ஒரு போன் போட்டு, ஸ்பேம் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு அஞ்சலும் உடனுக்குடன் வரும் தேர்வே நமக்கு வேண்டும். தொகுப்பாக வரும் தேர்வில் ஞாயிறு காலைச் செய்தி கூட்டம் முடிந்த பிறகு வந்து சேரலாம்.

இனி குழு முகவரிக்கு அறிவிப்பை அனுப்ப வேண்டியதுதான். போன் திரையில் தலைப்பின் முதல் சில சொற்களே தெரியும். “அன்பார்ந்த வாசகர்களுக்கு ஓர் அறிவிப்பு” என்று தொடங்கினால் விஷயம் வெளியே வராது. “ஞாயிறு கூட்டம் இல்லை, அடுத்த வாரம் 10 மணி” என்று எழுதுங்கள். திறக்காமலே புரிந்துவிடும்.

விலகுவதற்கான இணைப்பு அஞ்சலின் அடியில் தானாகவே வரும். விலகியவரை நீங்களாக மறுபடி சேர்த்துவிடாதீர்கள். நேரில் பார்க்கும்போது கேட்டுக்கொள்ளலாம்.