பலெங்கேயின் கோயில்களைப் படிக்கும் முறை

மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில், காடு கவிந்த மலையடிவாரத்தில் உள்ள பண்டைய மாயா நகரமான பலெங்கேக்குச் செல்பவர்கள் ‘பிரமிடு’ என்ற சொல்லை நுழைவாயிலிலேயே விட்டுவிட வேண்டும். மாயா மக்களுக்கு அந்த அடுக்குக் கட்டடம் ஒரு மலை. உச்சியில் உள்ள கோயிலின் வாசல் அம்மலையின் குகை.

முதலில் கல்வெட்டுக் கோயிலின் எதிரே நின்று அடுக்குகளை எண்ணுங்கள். அந்த ஒன்பது அடுக்குகளையும் பாதாள உலகின் ஒன்பது நிலைகளோடு ஆய்வாளர்கள் பலர் இணைத்துப் பார்க்கின்றனர். 615இல், 12 வயதில் அரியணை ஏறி 683இல் மறைந்த பலெங்கே மன்னர் பாக்காலின் கல்லறை இந்த மலையின் வயிற்றுக்குள் இருக்கிறது. கோயில் தளத்துக் கற்பலகையில் இருந்த துளைகளைக் கவனித்த தொல்லியலாளர் அல்பெர்தோ ரூஸ், இடிபாடுகளால் அடைக்கப்பட்டிருந்த படிக்கட்டைப் பல பருவங்கள் அகழ்ந்து, 1952இல் அந்தக் கல்லறையை அடைந்தார். படிக்கட்டை ஒட்டி ஒரு கற்குழாய் கல்லறையிலிருந்து கோயில்வரை ஏறுகிறது. இறந்த மன்னருக்கும் வழிபடுவோருக்கும் இடையிலான வழி அது என்று கருதப்படுகிறது.

கல்லறை மூடியின் நகல் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குத் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். அதைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தவர்கள்தாம் பாக்கால் விண்கலம் ஓட்டுகிறார் என்ற கதையைப் பரப்பினார்கள், அது அச்சிற்பிகளுக்கு இழைத்த அநீதி. கீழிருந்து மேலாகப் பார்த்தால், பாதாளத்தின் திறந்த தாடைகள், அவற்றின்மேல் சாய்ந்திருக்கும் பாக்கால், அவருடைய உடலிலிருந்து எழுவதுபோல் நிற்கும் உலக மரம், அதன் உச்சியில் வான்பறவை எனப் பாதாளம், மண், விண் ஆகிய மூன்று உலகங்களும் ஒரே நேர்கோட்டில் நிற்பது தெரியும்.

அதன்பின் சிலுவைத் தொகுதிக்குச் செல்லுங்கள். பாக்காலின் மகன் கான் பாலாம் 692இல் அர்ப்பணித்த மூன்று கோயில்கள் அவை; பலெங்கேயின் மூன்று காவல் தெய்வங்களுக்கு ஆளுக்கு ஒன்று. ‘சிலுவை’ என்பது பிற்காலத்தார் இட்ட பெயர். அவற்றுள் ஒன்றான சிலுவைக் கோயிலின் கற்பலகையில் இருப்பது மூடியில் கண்ட அதே உலக மரம். ஒவ்வொரு கோயிலின் உள்ளேயும் தனிக் கூரையுடைய சிறு கருவறை ஒன்று உண்டு. மாயா மரபில் மகப்பேறோடு தொடர்புடைய நீராவிக் குளியலறையைச் சுட்டும் சொல்லால் கல்வெட்டுகள் அதைக் குறிப்பதால், அது தெய்வங்கள் பிறந்த இடத்தின் உருவகம் எனலாம்.

சூரியக் கோயிலில் நடுவே இருப்பவை கேடயமும் குறுக்கிட்ட ஈட்டிகளும், அதாவது போர். இலைச் சிலுவைக் கோயிலின் பலகைக்கு நெருங்கிச் சென்று, மரம்போல் நிற்கும் சோளப் பயிரின் கதிர்களை உற்றுப் பாருங்கள்: ஒவ்வொரு கதிரும் ஒரு மனிதத் தலை.