கண் முகாம் நடத்தப் போகிறீர்களா? முதலில் பஸ் நிரம்புமா என்று பாருங்கள்

ஜூலை பிறந்தால் எங்கள் கடலூர் பக்கம் சங்கங்களுக்குப் புது வருஷம். புதுத் தலைவர், செயலர், பொருளாளர் பதவியேற்பு, சால்வை, சாப்பாடு எல்லாம் முடிந்த மறு வாரமே "இந்த வருஷம் என்ன சேவை செய்யலாம்" என்று ஒரு கூட்டம் போடுவார்கள். அதில் யாராவது ஒருவர் வாயிலிருந்து "இலவச கண் சிகிச்சை முகாம்" வந்தே தீரும். அரிமா சங்கம் (லயன்ஸ் கிளப்) என்றால் கேட்கவே வேண்டாம். 1925-ல் அமெரிக்காவில் அவர்கள் மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்து, பார்வையில்லாதவர்களுக்குத் துணையாக நில்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனதிலிருந்து கண் என்பது அவர்கள் வீட்டுச் சொத்து மாதிரி.

எங்கள் சங்கமும் அப்படித்தான் ஆரம்பித்தது. முதல் முகாமில் பள்ளிக்கூட வளாகம் கொள்ளாத கூட்டம், பேனரில் எல்லார் போட்டோவும் இருந்தது, மறுநாள் பேப்பரில் செய்தியும் வந்தது. ஆனால் மத்தியானம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய பஸ்ஸில் பாதி சீட் காலி. ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்த பெரியவர்கள் பாதிப் பேர் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் நடத்திய முகாம்களில் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை விடுங்கள், எத்தனை பேர் பஸ்ஸில் ஏறினார்கள் என்பதுதான் கணக்கு.

முதல் வேலை, ஆஸ்பத்திரியின் முகாம் பிரிவில் பேசித் தேதி வாங்குவது. எங்களுக்கு வசதி என்னவென்றால் கடலூர் - புதுச்சேரி சாலையிலேயே தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, 2003-ல் வந்தது. கடலூரிலிருந்து அரை மணிக்குள் போய்விடலாம். டாக்டர், நர்ஸ், பரிசோதனைக் கருவி எல்லாம் அவர்கள் கொண்டுவருவார்கள். முகாமில் தேர்வாகிறவர்களுக்கு ஆபரேஷன், உள்ளே வைக்கிற லென்ஸ், தங்கல், சாப்பாடு, போக வர பஸ் எல்லாம் இலவசம். நம் பொறுப்பு இடம், விளம்பரம், கூட்டத்தைச் சமாளிப்பது, வந்த டீமுக்குச் சாப்பாடு. கூடவே மாவட்ட பார்வை இழப்பு தடுப்புச் சங்கத்துக்குத் தகவல் போக வேண்டும், நோட்டீஸிலும் அவர்கள் பெயர் வரும். இதையெல்லாம் ரெண்டு மாசம் முன்னாடியே தொடங்குங்கள். ஞாயிற்றுக்கிழமைகள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

ஞாயிறுதான் வேண்டும். வார நாளில் வைத்தால் ஆயாக்கள் நூறு நாள் வேலைக்குப் போய்விடுவார்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வா என்று நாம் சொல்ல முடியாது. அந்த ஞாயிறு முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பாருங்கள். முகூர்த்தம் என்றால் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் கல்யாணத்து மேல் கல்யாணம், அந்தப் பக்கம் வேனும் கிடைக்காது ரோடும் நகராது, ஊரிலும் பாதிப் பேர் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். அக்டோபரில் உலகப் பார்வை தினம் வருகிறது, அன்றைக்கே வைத்தால் சங்கத்து மாவட்ட ஆளுநர் பாராட்டுவார் என்று சங்கத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். சொல்லட்டும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய நம் ஊரில் மழை யார் பேச்சையும் கேட்காது. தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் வந்தது, ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-ல். பொங்கல் கழிந்து மாசி, பங்குனி நல்ல காலம். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு மாதிரி மீனவர் ஊருக்கு வைப்பதாக இருந்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, அதில் ஒரு ஞாயிறு பாருங்கள். விசைப்படகுக்குப் போகிற மகன்கள் வீட்டில் இருப்பார்கள், அம்மாவைக் கூட்டிவர ஆள் கிடைக்கும். வெயில்தான் கொளுத்தும், எட்டு மணிக்கே ஆரம்பித்துவிட வேண்டும். பண்ருட்டிப் பக்கம் அதே மாசங்களில் முந்திரிக் கொட்டை வேலை, பலாக்காய் வேலை என்று ஓடிக்கொண்டிருப்பார்கள், அங்கே அது ஆகாது.

இடம் அநேகமாக அரசுப் பள்ளிக்கூடம்தான். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாங்குகிற அன்றைக்கே ரெண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, கழிவறைச் சாவி ஞாயிற்றுக்கிழமை யாரிடம் இருக்கும்? சிரிக்காதீர்கள். எங்கள் இரண்டாவது முகாமில் சாவி வைத்திருந்தவர் சொந்த ஊருக்குப் போய்விட்டார், சர்க்கரை நோய் உள்ள அறுபது எழுபது வயதுக்காரர்கள் நாலு மணி நேரம் என்ன செய்வார்கள்? பக்கத்து வீடு வீடாகப் போய்க் கெஞ்சினோம். இரண்டு, பெரியவர்களுக்கான நாற்காலி. ஒன்றாம் வகுப்பு பெஞ்சில் ஒரு தாத்தாவை உட்கார வைத்தால் எழுப்ப ரெண்டு ஆள் வேண்டும். சாமியானா பந்தல்காரரிடம் பிளாஸ்டிக் நாற்காலி சொல்லிவிடுங்கள். பார்வை சோதிக்கிற அட்டையை ஆறு மீட்டர், அதாவது இருபது அடி தள்ளி மாட்டுவார்கள், அதனால் ஒரு நீளமான அறையோ வராண்டாவோ வேண்டும். அங்கே நல்ல வெளிச்சம் வேண்டும், டாக்டர் உட்காரும் அறை மட்டும் இருட்டாக்க முடிகிற மாதிரி இருக்க வேண்டும். பழைய வேட்டி நாலு எடுத்துப் போங்கள், ஜன்னலுக்குக் கட்டலாம். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் முதல் நாளே யோசித்து ஒரு ஜெனரேட்டர் சொல்லி வைப்பது நல்லது.

விளம்பரத்துக்கு வருகிறேன். எங்கள் சங்கத்தில் பேனருக்குப் போகிற காசும் பேச்சும் வேறெதற்கும் போவதில்லை. தலைவர் போட்டோ பெரிசா, சாசனத் தலைவர் (சங்கத்தின் முதல் தலைவர்) போட்டோ பெரிசா என்று ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் தேதியும் இடமும் அடியில் பொடி எழுத்தில். கண் தெரியாதவர்களைக் கூப்பிடுகிற பேனரில் பொடி எழுத்து! நோட்டீஸைப் படிக்கப் போவது மகளோ பேரனோதான், அவர்களுக்காக எழுதுங்கள். தேதி, கிழமை, இடம், நேரம், என்ன கொண்டுவர வேண்டும், இவ்வளவு போதும்.

ஆட்களை நிஜமாகக் கூட்டிவருவது வேறு வழிகள். முந்தின நாள் சாயங்காலமும் அன்று காலை ஆறு மணிக்கும் மைக் கட்டிய ஆட்டோ தெருத் தெருவாகப் போக வேண்டும் (போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்). பால் சொசைட்டியில் காலை பால் ஊற்றுகிற நேரத்தில் ஒருவர் நின்று சொன்னால் ஆயிரம் நோட்டீஸுக்குச் சமம். ரேஷன் கடை, மகளிர் குழுக் கூட்டம், மாரியம்மன் கோயில் மைக், பள்ளிவாசல், சர்ச் எல்லாம் உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கப் போகிற தன்னார்வலர் அக்காவிடம் பேசுங்கள், எந்த வீட்டில் எந்தப் பெரியவர் சுவரைத் தடவி நடக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். மீனவர் ஊரில் முதலில் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்க்காமல் மைக் கட்டாதீர்கள். அவர்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்புறம் உங்களுக்கு வேலையே இல்லை.

என்ன கொண்டுவரச் சொல்வது? ஆதார் நகல், சாப்பிடுகிற மாத்திரைகள் சீட்டோடு, வீட்டில் ஒருவருடைய போன் நம்பர், ரெண்டு செட் மாற்றுத் துணி. கடைசி அயிட்டம் ரொம்ப முக்கியம். துணி கொண்டுவராதவர் "வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வந்துடறேன்" என்று போவார், போனவர் போனவர்தான். நகையை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். அப்புறம் "காலை பலகாரம் சாப்பிட்டுவிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு வரவும்" என்று தடித்த எழுத்தில் போடுங்கள். ஆஸ்பத்திரி என்றாலே வெறும் வயிற்றோடு வருகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு, பதினோரு மணிக்கு வரிசையில் மயங்கி விழுவார்கள்.

முகாம் நாள். காலை பதிவு மேஜையில் கையெழுத்து நன்றாக உள்ள, பொறுமையான ரெண்டு பேரை உட்கார வையுங்கள், கல்லூரிப் பிள்ளைகள் சரியாக இருப்பார்கள். அடுத்து பார்வை அட்டை, பிறகு டாக்டரின் முதல் பரிசோதனை. கண்புரை என்று தெரிந்தவர்களுக்குக் கண் அழுத்தம், கண்ணீர்ப் பை, பிரஷர், சுகர் எல்லாம் பார்ப்பார்கள். வெள்ளெழுத்துக்காரர்களுக்குக் கண்ணாடி எழுதித் தருவார்கள். சிலருக்குக் கண்ணை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், அதற்கப்புறம் சில மணி நேரம் எதிரில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். அவர்களைத் தனியாக சைக்கிளில் அனுப்பாதீர்கள். ஒவ்வொரு மேஜைக்கும் நடுவில் கைபிடித்துக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும், சங்கத்து உறுப்பினர்கள் போட்டோவுக்கு நிற்கிற நேரம் போக மிச்ச நேரத்தில் இதைச் செய்யலாம்.

எல்லாருக்கும் புரையாக இருக்காது. "கண்ல பூ விழுந்துடுச்சு" என்று ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் சொல்வார்கள், உள்ளே பார்த்தால் ஒருவருக்குப் புரை, ஒருவருக்குச் சதை வளர்ச்சி, ஒருவருக்கு சுகரால் விழித்திரையில் கோளாறு, இன்னொருவருக்குக் கண் நீர் அழுத்தம். கண் நீர் அழுத்தத்தில் போன பார்வை திரும்பாது, இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். புரை அப்படியில்லை, ஆபரேஷன் செய்தால் பார்வை பெரும்பாலும் வந்துவிடும். இந்த வித்தியாசத்தை டாக்டர் சொல்லும்போது கூட இருந்து கேட்டு, பாதிக்கப்பட்டவருடைய வீட்டு ஆளுக்கு நம் பேச்சில் இன்னொரு தடவை சொல்லுங்கள்.

இனி பஸ். ஆபரேஷன் என்று சீட்டு எழுதியதும் முகம் மாறுவதைக் கவனித்திருக்கிறேன். "எனக்கு எதுக்குப்பா, இன்னும் எத்தினி நாளு" என்பார்கள். பயம் ஒரு காரணம்தான், உண்மையான காரணம் பெரும்பாலும் வீட்டில் இருக்கும். ரெட்டிச்சாவடி பக்கம் ஒரு முகாமில் ஒரு ஆயா பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, மஞ்சப்பையை மடியில் வைத்து, வண்டி கிளம்புகிற சமயத்தில் எழுந்து இறங்கிவிட்டார். ஏன் ஆயா என்று கேட்டால் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார், வெள்ளாடு இன்றைக்கோ நாளைக்கோ குட்டி போடும், தனியாகக் கிடக்கிறது. எங்கள் பொருளாளருக்கும் ஆடு உண்டு. "நான் பாத்துக்கறேன் ஆயா, குட்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, ஆட்டின் அடையாளத்தையும் வீட்டு அடையாளத்தையும் கேட்டு எழுதிக்கொண்ட பிறகுதான் ஆயா திரும்ப ஏறினார். அந்த ராத்திரி பொருளாளர் நிஜமாகவே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

அன்றிலிருந்து எங்கள் பதிவு நோட்டில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது: "வீட்டில் யார் இருக்கிறார்கள், ஆடு மாடு உண்டா, யார் பார்ப்பார்கள்?" காலையில் பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவிடுங்கள். மத்தியானத்துக்குள் பக்கத்து வீட்டு ஆளைப் பிடித்துப் பேசி முடித்துவிடலாம். பேரனைப் பள்ளிக்கூடம் அனுப்புவது, தண்ணி பிடிப்பது, வீட்டுச் சாவி என எல்லாமே இந்தக் கட்டத்துக்குள் வரும்.

போன முறை ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவரைப் பந்தலில் உட்கார வைத்தாலும் நல்ல பலன் இருக்கிறது. நாமும் டாக்டரும் ஒரு மணி நேரம் பேசுவதைவிட "வலியே இல்லடி, சோறு நல்லா போட்டாங்க" என்று அதே தெருக்காரி சொல்வது எடுபடும். சங்கத்திலிருந்து ஒருவர் பஸ்ஸிலேயே போக வேண்டும், பின்னால் காரில் வருகிறேன் என்பது ஆகாது. ஆஸ்பத்திரி பஸ் போதாமல் வேன் வாடகைக்கு எடுத்தால் புதுச்சேரி எல்லைக்குள் போக பர்மிட் இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வரும்போது, எல்லையில் மதுக்கடைகள் இருக்கிற முள்ளோடையில் வண்டி நிற்கவே கூடாது, ஏன் என்று கடலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஓரிரு நாளில் கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வருவார்கள். போட்டோ எடுத்ததோடு முகாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வாரத்தில் தெருவுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். சில வீட்டில் சொட்டு மருந்து பாட்டில் சீல் உடைக்காமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதைப் பேத்தியிடம் சொல்லி, சுவரில் எழுதிவிட்டு வாருங்கள். கண்ணில் தண்ணி படக்கூடாது, கசக்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது என்பதை மருமகள் காதில் விழுகிற மாதிரி சொல்லுங்கள். வலியோ, சிவப்போ, பார்வை மறுபடி மங்குவதோ இருந்தால் மறு பரிசோதனை வரை காத்திருக்காமல் அன்றைக்கே தவளக்குப்பம் கூட்டிப்போங்கள்.

ஒரு மாசம் கழித்து மறு பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி தேதி கொடுக்கும், முடிந்தால் அதே பள்ளிக்கூடத்திலேயே வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அன்றைக்குப் போன தடவை சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போனவர்களும் ரெண்டு மூணு பேர் சும்மா வேடிக்கை பார்க்கிற மாதிரி கேட்டோரம் வந்து நிற்பார்கள். நோட்டும் பேனாவும் கையில் வைத்திருங்கள், பெயர் எழுதும்போதே ஆடு உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.