ஆரஞ்சு வைன் எப்படிச் செய்கிறார்கள்? ஒரு கொத்துத் திராட்சையிலிருந்து ஆரம்பிப்போம்

ஆரஞ்சு வைனில் ஆரஞ்சுப் பழம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கிருஷ்ணகிரியில் நான் இந்தப் பேச்சை எடுத்தபோதெல்லாம் கமலாப் பழத்தைப் பிழிந்து செய்வதாக்கும் என்றுதான் கேட்டார்கள். பச்சைத் திராட்சையில்தான் செய்கிறார்கள். பால் விடாத டீயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஒரு நிறம் தெரியுமே, கிட்டத்தட்ட அந்த நிறம். பிரிட்டனில் வைன் வியாபாரம் செய்த டேவிட் ஹார்வி 2004ல் இந்தப் பெயரை வைத்தார். ஆனால் செய்முறை மிகப் பழையது. காகசஸ் மலைப் பக்கம் இருக்கும் ஜார்ஜியா நாட்டில் சுமார் 8,000 வருடங்களுக்கு முன்பே வைன் செய்திருக்கிறார்கள், பானை ஓடுகளில் அதன் தடயம் கிடைத்திருக்கிறது.

செய்முறைக்குப் போகும் முன் ஒரு எச்சரிக்கை: தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். அதனால் வீட்டில் செய்யக்கூடிய பகுதியை மட்டும் செய்து பார்ப்போம், மீதியை அங்கே எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வோம்.

முதல் படி, வாயால் புரிந்துகொள்வது. பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் கால் கிலோ பச்சைத் திராட்சை வாங்குங்கள், விதையுள்ளது கிடைத்தால் ரொம்ப நல்லது. ஒரு பழத்தை எடுத்து நகத்தால் தோலை உரித்து, சதையை மட்டும் சாப்பிடுங்கள். இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, அவ்வளவுதான். இப்போது அந்தத் தோலைத் தனியாக மெதுவாக மெல்லுங்கள், பிறகு விதையையும் கடியுங்கள். நாக்கு இழுத்துப் பிடிக்கிறதா, ஈறு வறண்ட மாதிரி இருக்கிறதா? பிஞ்சு மாங்காயைத் தோலோடு கடித்தவர்களுக்கு இந்தத் துவர்ப்பைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதுதான் டானின். ஆரஞ்சு வைன் பூராவும் இந்தத் தோல் விஷயம்தான்.

இரண்டாவது, மீதிப் பழத்தைக் கையாலேயே நசுக்கி, பாதியை வடிகட்டி ஒரு டம்ளரிலும், பாதியைத் தோல், விதையோடு இன்னொரு டம்ளரிலும் ஊற்றி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் இரண்டாவதையும் வடிகட்டி, இரண்டையும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். காற்றுப் பட்டு இரண்டுமே கொஞ்சம் கருத்திருக்கும், ஆனால் தோலோடு ஊறியதில் சாறு கனமாக, லேசாகத் துவர்ப்பாக இருக்கும். ஒரு நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

வெள்ளை வைன் செய்கிறவர்கள் முதல் டம்ளர் மாதிரி சாறை மட்டும் எடுத்துக்கொண்டு தோலை ஒதுக்கிவிடுகிறார்கள். கறுப்புத் திராட்சையைத் தோலோடு ஊற வைத்தால் சிவப்பு வைன். பச்சைத் திராட்சையை அதே மாதிரி தோலோடு விட்டால் ஆரஞ்சு வைன்.

சரி, இனி ஜார்ஜியா. அங்கே க்வெவ்ரி என்று ஒரு மண் தாழி, முட்டை வடிவம், உள்ளே தேன்மெழுகு பூசியிருப்பார்கள், வாய் மட்டும் தெரியும்படி மண்ணுக்குள் புதைத்திருக்கும். மண்ணுக்குள் இருப்பதால் வெயிலோ பனியோ உள்ளே அதிகம் தாக்காது. செப்டம்பர், அக்டோபரில் அறுவடை முடிந்ததும் ர்கட்சிதேலி போன்ற திராட்சையை நசுக்கி, சாறு, தோல், விதை, சில ஊர்களில் காம்பும் சேர்த்து உள்ளே கொட்டுகிறார்கள். ஈஸ்ட் தனியாகப் போடாமல், பழத்திலும் அந்த இடத்திலும் இருக்கும் ஈஸ்டே வேலை செய்யும்படி விடுவதுதான் பழைய வழக்கம். அது சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். ஒரு லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை இப்படி மாறினால் 1 சதவீத ஆல்கஹால்.

இந்தக் கட்டத்தில்தான் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வாயு தோலை மேலே தூக்கிக்கொண்டு வந்து, மாவு பொங்கி நிற்கிற மாதிரி ஒரு தடிமனான மூடியாக நிறுத்திவிடும். அப்படியே விட்டால் மேல்தோல் காய்ந்து புளித்து, வைனே காடியாகிவிடும். அதனால் நீளமான கோலால் தினமும் பல தடவை அதை உள்ளே அமுக்கிவிடுகிறார்கள்.

பொங்குவது அடங்கியதும் தோல் தானே கீழே இறங்கும். அப்புறம் மூடி போட்டு, ஓரத்தைக் களிமண்ணால் அடைத்துவிட்டு ஐந்தாறு மாதம் தொடுவதில்லை. அடிப்பக்கம் கூம்பாக இருப்பதால் விதைகள் முதலில் போய் நுனியில் அடங்க, அதன் மேல் தோலும் மண்டியும் படிகிறது. விதையின் கசப்பு வைனில் அதிகம் ஏறாமல் இருப்பதற்கு இந்த வடிவமும் ஒரு காரணம் என்கிறார்கள். பானை வனைகிறவருக்கு இவ்வளவு நுணுக்கம் தெரிந்திருக்கிறதே என்று இதைப் படித்த அன்று எனக்குப் பெரிய சந்தோஷம். 2013ல் யுனெஸ்கோ இந்த முறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

எல்லோரும் தாழியில் செய்வதில்லை. இத்தாலியில் ஒஸ்லாவியா என்ற ஊரில் வைன் செய்கிற யோஷ்கோ கிராவ்னர் 2000ல் ஜார்ஜியா போய்ப் பார்த்துவிட்டு வந்து, ரிபொல்லா திராட்சையைப் புதைத்த தாழிகளில் செய்ய ஆரம்பித்தார். அதே ஊரில் ராடிகோன் என்ற இன்னொருவர் மரத்தொட்டியில் செய்தார். சிலர் எஃகுத் தொட்டியில் சில நாட்கள் மட்டும் ஊற வைத்து எடுத்துவிடுகிறார்கள், நிறமும் துவர்ப்பும் அந்த அளவுக்குக் குறையும்.

வசந்தத்தில் தாழியைத் திறந்து தெளிந்த வைனை மேலாக மொண்டு வேறு பாத்திரத்துக்கு மாற்றுகிறார்கள். அடியில் தங்கிய தோலும் விதையும் வீணாவதில்லை, அதைக் காய்ச்சி சாச்சா என்ற சாராயம் எடுக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் இடுப்பு ஒடிகிற வேலை: செர்ரி மரப்பட்டையைக் கட்டிய நீளமான கோலால் தாழியின் உட்புறம் முழுக்கத் தேய்த்து, இறைக்கிற தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவி, அடுத்த அறுவடைக்குத் தயாராக வைக்கிறார்கள்.